யார் செஞ்ச பாவம்? குழந்தையின் கண்ணில் விழும் ரெண்டு அடி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சு, நீளத்தை மட்டும் குறைச்சிருக்கோம்.)

இன்னிக்கு பாபநாசத்துல ஆரம்பிக்கலாம். கமல் படம் இல்லை, ஊர். தஞ்சாவூர் பக்கம் இருக்கிற பாபநாசமும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், பொதிகை மலையிலிருந்து இறங்கி வர்ற தாமிரபரணி சமவெளியைத் தொடுற இடம்.

கரையில பாபநாசநாதர் கோயில். படித்துறையில பொரி போட்டா கூட்டமா வந்து மோதுற பெரிய பெரிய மீன்கள். ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ போனீங்கன்னா கால் வைக்க இடம் கிடைக்காது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, ஆத்துல முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை அப்படியே தண்ணியில விட்டுட்டு வர்றது ஒரு வழக்கம். துணியோட பாவமும் போயிடும்னு நம்பிக்கை. அந்தத் துணி ஆத்தை அடைச்சு, அதை டன் கணக்குல அள்ளி எடுக்கிற கதை தனி. அது இன்னொரு எபிசோட்.

இன்னிக்கு எனக்கு வேண்டியது அந்தப் படித்துறையில இருக்கிற ஒரு கணக்கு. பாவம் ரெண்டு வகை. நாமளே செஞ்சது ஒண்ணு. நமக்கு முன்னாடி இருந்தவங்க செஞ்சு நம்ம தலையில வந்து விடிஞ்சது இன்னொண்ணு. எது எதுன்னு பிரிக்கிற வேலை ஆத்துக்கு இல்லை. ரெண்டையும் சேர்த்து அடிச்சுட்டுப் போயிடும்.

ஒரு வீட்டுல கைக்குழந்தைக்குக் கண்ணுல புற்றுநோய்னு வைங்க. அந்த அம்மாகிட்ட ஊர் கேட்கிற கேள்வியும் இதேதான். "உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது இப்படி இருந்துச்சா?" "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" "சொந்தத்துல கட்டிக்காதேன்னு அப்பவே சொன்னோமே." சுருக்கமா, யார் செஞ்ச பாவம்?

கேள்வி முட்டாள்தனமானது இல்லை. கேட்கிற விதம்தான் கொடுமை. ஏன்னா பிறப்போட வந்ததா, பிறந்த பிறகு கண்ணுக்குள்ளேயே நடந்ததாங்கிற இதே கேள்வியை மருத்துவமும் 100 வருஷத்துக்கு மேல கேட்டிருக்கு. அதுக்குக் கிடைச்ச பதில்தான் இன்னிக்குப் புற்றுநோயைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதிக்கு அஸ்திவாரம்.

நோயோட பேரு ரெட்டினோபிளாஸ்டோமா. கண்ணுக்குப் பின்பக்கம் இருக்கிற விழித்திரையில வர்ற கட்டி. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள வரும். விழித்திரை செல்கள் பெருகி வளர்றது அந்த வயசோட முடிஞ்சுடும். அதுக்கப்புறம் இது வர்றது ரொம்ப அபூர்வம். உலகத்துல ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒண்ணுன்னு கணக்கு. சின்னதாத் தெரியலாம். இவ்வளவு குழந்தை பிறக்கிற இந்தியாவுல அது சின்ன எண்ணிக்கை இல்லை.

முதல் அறிகுறியைப் பல தடவை அம்மாதான் பார்க்கிறாங்க. ஒரு கோணத்துல கருவிழிக்குள்ள வெள்ளையா ஒரு பளபளப்பு. நம்ம ஊர்ல பூனைக் கண்ணுன்னு சொல்வாங்க. இப்ப செல்போன்லயும் மாட்டுது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்துல ஒரு கண்ணு சிவப்பா, இன்னொண்ணு வெள்ளையாத் தெரியும். எல்லா வெள்ளையும் புற்றுநோய் இல்லை, கேமராக் கோணமா இருக்கலாம், கண்புரையா இருக்கலாம். ஆனா காத்திருக்கிற விஷயம் இல்லை. அந்த வாரமே கண் டாக்டர்கிட்ட காட்டணும். கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடிச்சா குழந்தை பிழைக்க நிறைய வாய்ப்பு இருக்கிற புற்றுநோய் இது.

அகத்தியர் இருந்ததாச் சொல்ற மலை இது. சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96னு கணக்கு சொல்லும். அதுல இந்தக் கட்டி எதுன்னு தேடுற வேலைக்கு நான் போகலை. போனா ஏதாவது ஒண்ணைப் பொருத்திக் காட்டிடலாம், அதுதான் பயம். நாம வரலாறு தெளிவாத் தெரியுற இடத்துக்குப் போவோம்.

1809. ஸ்காட்லாந்துல ஜேம்ஸ் வார்ட்ராப்னு ஒரு அறுவை மருத்துவர். இந்தக் கட்டி விழித்திரையில ஆரம்பிக்குது, அதனால சீக்கிரமே கண்ணையே எடுத்துட்டா குழந்தை பிழைக்கலாம்னு எழுதினார். அப்போ மயக்க மருந்து கிடையாது. கண்ணுக்குள்ள பார்க்கிற கருவியும் கிடையாது. அதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் செஞ்சது 1851ல. அதனால கட்டி வெளிய தெரியுற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் குழந்தையை டாக்டர்கிட்ட கொண்டு வந்தாங்க. பெரும்பாலும் பிழைக்கலை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. நோய் வந்த எல்லாரும் குழந்தையிலேயே இறந்துட்டா, அந்த நோய் பரம்பரையா வருமான்னு எப்படித் தெரியும்? அவங்க யாரும் அப்பாவா அம்மாவா ஆகப் போறதில்லையே.

1872ல ரியோ டி ஜெனிரோவுல, இலாரியோ டி கூவேயாங்கிற பிரேசில் கண் மருத்துவர் ஒரு ரெண்டு வயசுப் பையனோட கண்ணை எடுத்தார். பையன் பிழைச்சான். வளர்ந்து, கல்யாணம் பண்ணினான். பொண்ணு வீட்டுல யாருக்கும் இந்த நோய் இல்லை. ஏழு குழந்தைகள் பிறந்தாங்க. அதுல ரெண்டு பெண் குழந்தைகளுக்கு ரெண்டு கண்ணுலயும் அதே கட்டி. அப்பாவைக் காப்பாத்தின டாக்டரே அடுத்த தலைமுறையையும் பார்த்தார்.

எனக்கு இந்த இடம் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. பரம்பரைங்கிறது எப்பவும் இருந்துச்சு, ஒரு அறுவை சிகிச்சை ஜெயிச்ச பிறகுதான் அது கண்ணுக்கே தெரிஞ்சது.

ஆனா குழப்பம் தீரலை. இந்த நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளோட குடும்பத்துல வேற யாருக்குமே இது இல்லை. அப்போ பரம்பரையா, இல்லையா? ஒரு குழந்தைக்கு ரெண்டு கண்ணுலயும், இன்னொரு குழந்தைக்கு ஒரே கண்ணுல. அது ஏன்?

விடை வந்தது 1971ல. அமெரிக்காவுல ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில ஆல்ஃப்ரெட் நட்ஸன்னு ஒரு குழந்தை மருத்துவர். அவர்கிட்ட இருந்தது 48 குழந்தைகளோட கேஸ் குறிப்புகளும் வரைபடத் தாளும்தான். டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தா படிக்கிற முறையை சாங்கர் வெளியிட்டதே 1977ல. நட்ஸன் செஞ்சது எளிமையான ஒண்ணு. எந்த வயசுல நோய் தெரிஞ்சதுன்னு ரெண்டு கோடு போட்டார். ரெண்டு கண்ணுலயும் வந்த குழந்தைகளுக்கு ஒண்ணு, ஒரு கண்ணுல மட்டும் வந்தவங்களுக்கு ஒண்ணு.

முதல் கோடு நேரா இறங்குச்சு. ஒரே ஒரு விபத்துக்காகக் காத்திருந்தா எப்படி இருக்குமோ அப்படி. ரெண்டாவது கோடு முதல்ல தயங்கி, அப்புறம் வளைஞ்சு இறங்குச்சு. ரெண்டு விபத்து நடக்கணும்னா அப்படித்தான் தாமதமாகும்.

மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குற மலைப்பாதையில சைக்கிள்ல வர்றீங்கன்னு வைங்க. முன் பிரேக், பின் பிரேக்னு ரெண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். ரெண்டும் போனாதான் ஆபத்து. நம்ம ஒவ்வொரு செல்லுலயும் இந்த பிரேக் மரபணுவுக்கு ரெண்டு பிரதி உண்டு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. செல் பெருகுறதை நிறுத்துறதுதான் அதோட வேலை.

சாதாரணக் குழந்தைக்கு ரெண்டு பிரேக்கும் சரியா இருக்கு. அதுக்குக் கட்டி வரணும்னா, விழித்திரையில ஒரே செல் வரிசையில ரெண்டும் அடுத்தடுத்துப் போகணும். ரொம்ப அபூர்வம். நடந்தா ஒரு கண்ணு, ஒரு கட்டி, கொஞ்சம் தாமதமா. ஆனா ஒரு குழந்தை பிறக்கும்போதே உடம்புல எல்லா செல்லுலயும் ஒரு பிரேக் இல்லாம பிறந்தா? மிச்சம் இருக்கிற ஒண்ணு எங்கேயாவது போனா போதும். விழித்திரையில பெருகுற செல்கள் லட்சக்கணக்குல இருக்கே, எங்கேயோ போய்த்தான் தீரும். நட்ஸன் கணக்குப்படி அப்படிப் பிறந்த குழந்தைக்கு சராசரியா மூணு கட்டி. அதான் ரெண்டு கண்ணுலயும், அதான் சீக்கிரம். சராசரி மூணுன்னா, அதே கணக்குப்படி நூத்துல அஞ்சு பேருக்கு ஒண்ணுமே வராமலும் போகும். அவங்க பிழையைச் சுமந்துக்கிட்டு, தெரியாமலே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கலாம்.

ஸ்கூல்ல ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்புன்னு படிச்சிருப்பீங்க. இந்த நோய் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கலாட்டா பண்ணும். குடும்ப மரத்துல பார்த்தா ஓங்கு பண்பு. ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் போறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செல்லுக்குள்ள பார்த்தா ஒடுங்கு பண்பு. ரெண்டும் போகணும்.

"சொந்தத்துல கட்டினதால வந்துச்சு"ங்கிற பேச்சுக்கு வருவோம். அத்தை மகன், மாமா மகள்னு கட்டும்போது கூடுற ஆபத்து, ரெண்டு பக்கமும் ஒரே கெட்ட பிரதி வந்து சேர்ற நோய்களுக்கு. அது உண்மையான பிரச்சினை, அதை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா இந்த நோய்க்கு ஒரு பக்கத்துலேருந்து வந்தாலே போதும். இங்கே அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

நட்ஸன் சொன்னது அனுமானம். நிரூபணம் 1983ல வந்தது. வெப்ஸ்டர் கேவனியும் கூட்டாளிகளும் ஒரே குழந்தையோட ரத்தத்தையும் கட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. 13ஆம் குரோமோசோம்ல ரத்தத்துல ரெண்டு வகைப் பிரதி இருக்கு. கட்டியில ஒண்ணுதான் இருக்கு. நல்ல பிரதி காணாமப் போயிருக்கு. அதுதான் ரெண்டாவது அடி. 1986ல பாஸ்டன் பக்கம் தாடியஸ் ட்ரைஜா, ஸ்டீஃபன் ஃப்ரெண்ட், ராபர்ட் வெயின்பெர்க் குழு அந்த மரபணுவையே பிடிச்சாங்க. ஆர்.பி.1. மனுஷங்கள்ல புற்றுநோயைத் தடுக்கிற மரபணுன்னு கையில எடுத்துப் பார்த்த முதல் ஒண்ணு.

1989ல இன்னொரு கண்டுபிடிப்பு. இது ஏன் ஊர் ஊரா தண்டோரா போட்டுச் சொல்லலைன்னு எனக்கு ஆதங்கம். குடும்பத்துல யாருக்கும் இல்லாம, முதல் தடவையா ஒரு குழந்தைக்கு இந்தப் பிழை எல்லா செல்லுலயும் வந்திருந்தா, அது அம்மா பிரதியிலயா, அப்பா பிரதியிலயா? ட்ரைஜா குழுவும், டொரொன்டோவுல பிரெண்டா காலி இருந்த குழுவும் தனித்தனியாப் பார்த்தாங்க. பெரும்பாலும் அப்பா பிரதியில. விந்தணு உருவாகும்போது டி.என்.ஏ. திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கப்படுது, அதுல விழுந்த எழுத்துப் பிழை. அம்மாவைப் பார்த்து விரல் நீட்டின அத்தனை பேருக்கும் இது பதில். உடனே விரலை அப்பா பக்கம் திருப்பிடாதீங்க. பிரதி எடுக்கும்போது நடந்த தவறுக்கு யார் பொறுப்பு? பிடிச்ச பீடியோ பார்த்த கிரகணமோ இல்லை.

சரி, நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சது 1976. திருநெல்வேலிக் கிளை 1988. அதாவது பாபநாசத்துக்காரங்களுக்குப் பெரிய கண் ஆஸ்பத்திரி ஒரு பஸ் தூரத்துக்கு வந்துச்சு. இந்த மரபணுவைப் படிக்கிற வேலை இந்தியாவுல 2000க்குப் பிறகு சூடு பிடிச்சது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்துல சித்ரா கண்ணபிரான் குழு இந்தியக் குழந்தைகள்கிட்ட இருக்கிற பிழைகளைப் பட்டியல் போட்டாங்க. சென்னை சங்கர நேத்ராலயாவுல குமாரமாணிக்கவேல் குழு 2004ல வேற மாதிரி கேள்வி கேட்டாங்க. மரபணுச் சோதனையா, வழக்கமான கண் பரிசோதனையா, இந்தியக் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும்?

அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சது. ஏன்னு சொல்றேன். ஒரு குழந்தைக்கு நோய்னா, தம்பி தங்கச்சியையும் பார்க்கணும். கைக்குழந்தை கண்ணை அசைக்காம இருக்காது, அதனால பல தடவை மயக்க மருந்து கொடுத்துப் பார்க்கணும். சில வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் சில மாசத்துக்கு ஒரு தடவை, வருஷக் கணக்குல. ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுட்டு, பஸ் ஏறி, வெறும் வயித்தோட குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போகணும். ரத்தச் சோதனை ஒண்ணு, "இந்தக் குழந்தைக்கு அந்தப் பிழை வரலை"ன்னு சொல்லிட்டா, அத்தனை பயணமும் மிச்சம்.

ஆனா சோதனை சுலபம் இல்லை. ஆர்.பி.1 பெரிய மரபணு. சுமார் 1,80,000 எழுத்து நீளத்துல 27 துண்டாப் பரவிக் கிடக்கு. பிழை இங்கேதான் விழும்னு ஒரு இடமும் கிடையாது. குடும்பத்துக்குக் குடும்பம் வேற. ஒரு இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், இன்னொரு இடத்துல ஒரு பெரிய துண்டே காணாமப் போயிருக்கும். பழைய முறையில ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சோதனை. 2015ல மதுரை அரவிந்த் ஆராய்ச்சிக் குழு ஒண்ணு, வன்னியராஜன், தேவராஜன், முத்துக்கருப்பன், உஷா கிம் எல்லாம் அதுல உண்டு, முழு மரபணுவையும் புதுத் தலைமுறை சீக்வென்சிங்ல ஒரே ஓட்டத்துல படிக்கிற முறையை வெளியிட்டாங்க. எழுத்து மாற்றம், துண்டு இழப்பு, ரெண்டையும் ஒரே தடவையில பார்க்கலாம்.

இப்போ அந்த அம்மாவோட கேள்விக்கு லேப் எப்படிப் பதில் சொல்லுதுன்னு பாருங்க. முதல்ல, எடுத்த கண்ணுல இருக்கிற கட்டியைப் படிக்கிறாங்க. அங்கே ரெண்டு அடியும் இருக்கும். இது ஒரு பிழை, அது இன்னொரு பிழைன்னு எழுதி வெச்சுக்கறாங்க. அப்புறம் அதே குழந்தையோட ரத்தத்துல அந்த ரெண்டையும் தேடறாங்க. ஒண்ணு ரத்தத்துலயும் இருந்தா, அது பிறப்போட வந்தது. மத்தது கண்ணுக்குள்ள நடந்தது. ரெண்டுமே ரத்தத்துல இல்லைன்னா, ரெண்டும் அந்தக் கண்ணுக்குள்ளேயே நடந்து முடிஞ்ச விபத்தா இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அப்போ தம்பி தங்கச்சிக்கு இதனால ஆபத்து கூடலை.

நடுவுல ஒரு மூணாவது வகையும் உண்டு. கரு உருவான பிறகு, சில செல்லா இருக்கும்போது பிழை விழுந்தா, உடம்புல ஒரு பகுதிக்கு மட்டும் அது இருக்கும். ரத்தத்துல நூத்துக்கு அஞ்சு பங்கோ பத்து பங்கோதான் தெரியும். பழைய முறை அதைத் தவறவிட்டுடும். ஒரே இடத்தை ஆயிரம் தடவை திரும்பத் திரும்பப் படிக்கிற சீக்வென்சிங்குக்கு அது மாட்டும். பரம்பரையா, தானா வந்ததாங்கிற கேள்விக்கு அங்கே "ரெண்டுக்கும் நடுவுல"தான் பதில்.

ஒரு கண்ணுல மட்டும் நோய், குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னா நாம சும்மா விட்டுடுவோம். ஆனா அப்படிப்பட்ட குழந்தைகள்லயும் நூத்துக்கு ஏறக்குறைய 15 பேருக்குப் பிறப்போட வந்த பிழை இருக்கு. பார்வைக்குத் தெரியாது. படிச்சாதான் தெரியும்.

தெரிஞ்சு என்ன ஆகப் போகுதுன்னு கேட்கலாம். ஒரு பழைய தப்பைச் சொல்றேன். 20ஆம் நூற்றாண்டுல பெரும்பகுதி, கண்ணைக் காப்பாத்த வெளியிலேருந்து கதிர்வீச்சு கொடுத்தாங்க. கட்டி கரைஞ்சது, பார்வை தப்பிச்சது. பல வருஷம் கழிச்சு அதே குழந்தைகள்ல சிலருக்கு, கதிர் பட்ட எலும்புலயும் தசையிலயும் புதுப் புற்றுநோய். யாருக்கு? பெரும்பாலும் பிறப்போட பிழை வந்தவங்களுக்கு. அவங்களுக்கு அந்த எலும்பு செல்லுலயும் ஒரு பிரேக் ஏற்கெனவே இல்லை. கதிர் மத்ததையும் கழட்டிடுச்சு. ரெண்டாவது அடியைச் சிகிச்சையே கொடுத்துச்சு. அதனாலதான் 1990களுக்குப் பிறகு மருத்துவம் கீமோ, லேசர் பக்கம் திரும்புச்சு. இந்தப் பிழை இருக்கிறவங்களுக்கு சி.டி. ஸ்கேனைக் கூட முடிஞ்சவரை தவிர்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்றாங்க.

இதுல ஒரு முரண் இருக்கு. கட்டியைப் படிக்கணும்னா கண்ணை எடுத்திருக்கணும். ஊசி போட்டு உள்ளேருந்து துண்டு எடுக்க முடியாது, கட்டி வெளிய பரவிடும். அப்போ சிகிச்சை முன்னேறி கண்ணு தப்பிச்சா, படிக்கக் கட்டி இல்லை! 2017ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஜெஸ்ஸி பெர்ரி குழு, கண்ணோட முன்பகுதியில இருக்கிற நீரை ஒரு சொட்டு எடுத்து, அதுல மிதக்கிற கட்டியோட டி.என்.ஏ.வைப் படிக்கலாம்னு காட்டினாங்க. கண்ணுக்குள்ள மருந்து போடும்போது அந்த நீரை எப்படியும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கு. முன்னெல்லாம் கீழே கொட்டினது.

நம்ம ஊருக்கே திரும்புவோம். 1990கள்ல கண்ணை எடுத்து உயிர் தப்பின குழந்தைகளுக்கு இப்போ கல்யாண வயசு. செயற்கைக் கண்ணு வெச்சா பக்கத்துல வந்து பார்த்தாதான் தெரியும். பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது? "சின்ன வயசுல அடிபட்டுச்சு"ன்னு சொல்லிடுற வீடுகள் இருக்கு. எனக்கு அவங்க மேல கோபம் வரலை. ஆனா அந்த ஒரு பொய், அடுத்த குழந்தைக்கு ஆறு மாசத்தைத் தின்னுடும்.

ரத்தத்துல பிழை இல்லைன்னு ரிப்போர்ட் இருந்தா, சொல்லவே ஒண்ணும் இல்லை. அடிபட்ட கதையே தேவையில்லை. பிழை இருந்தா, அந்தக் குடும்பத்தோட எழுத்துப் பிழை எந்த இடத்துலன்னு ஏற்கெனவே தெரியும். பிறக்கிற குழந்தைக்கு 27 துண்டையும் தேட வேண்டாம், அந்த ஒரு இடத்தைப் பார்த்தா போதும். இருக்குன்னு வந்தா, முதல் வாரத்துலேருந்து கண்ணைப் பார்க்க ஆரம்பிக்கலாம். கட்டி கடுகு அளவு இருக்கும்போதே லேசர்ல முடிச்சுடலாம். ரியோ டி ஜெனிரோவோட அந்த ரெண்டு பெண் குழந்தைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு.

சோதனைக்கு வேண்டிய ரத்தத்தைத் தொப்புள்கொடியிலிருந்தே எடுத்துக்கலாம். குழந்தையைக் குத்தவே வேண்டாம்.